சிரம்பானிலிருந்து வந்த நாற்பது ஆடுகள்

இங்கிலீஷ் தெரிந்தவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் வந்ததில்லை. தெரியாதவர்களாலும் வந்ததில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அதை நாலு பேருக்குக் காட்டியே தீர வேண்டும் என்று துடிப்பவர்கள்தான் ஆபத்தானவர்கள். இருபது வயதில் நான் அந்த மூன்றாவது ரகம்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருஷம். மலாக்காவில், காஜா பேராங் சாலையோரம் இருந்த ஒரு ஸ்டேஷனரிக் கடையில் நான் டைப்பிஸ்ட். பென்சில், மை, சிலேட்டு இவற்றோடு கேரம் போர்டு, சீட்டுக்கட்டு, பாம்பும் ஏணியும் என்று விளையாட்டுச் சாமான்களும் அங்கே விற்பார்கள். முதலாளி கிருஷ்ணன் செட்டி, பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், தலைமுறைகளாக இருக்கும் மலாக்காச் செட்டி வம்சத்தவர். நெற்றி நிறைய விபூதி இருக்கும். பேச்சு முழுக்க மலாய். "தமிழ் தெரியுமா?" என்று யாராவது கேட்டால், "கொஞ்சம் கொஞ்சம்" என்பார். அந்த ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்வதோடு அவருடைய தமிழ் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். அருமையான மனிதர்.

எனக்கு இங்கிலீஷ், தமிழ், மலாய் மூன்றும் வரும். ஆனால் மற்ற இரண்டும் சும்மா பேசுவதற்கு. இங்கிலீஷ் மட்டும் அலங்காரத்துக்கு. ரேடியோவில் செய்தி வாசிக்கும் வெள்ளைக்காரப் பெண்மணியின் உச்சரிப்பைக் கண்ணாடி முன்னால் நின்று பழகுவேன். வாயை உருட்ட வேண்டிய இடத்தில் உருட்டுவேன், இழுக்க வேண்டிய இடத்தில் காதுவரை இழுப்பேன். (ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.)

அந்தச் சமயத்தில்தான் மாநாடு வந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் விளையாட்டுப் பொருள் தயாரிக்கிறவர்கள் ஒன்றுகூடி, இனி வரப்போகிற விளையாட்டுகளைக் கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே காட்டும் மாநாடு. இரண்டு நாள். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று முன்னால் நின்று நடத்தியது. சிங்கப்பூர், கோலாலம்பூரையெல்லாம் விட்டுவிட்டு அது ஏன் காஜா பேராங்குக்கு வந்தது என்று முதலாளியைக் கேட்டேன். எங்கள் பக்கத்துச் சங்க மண்டபம் ஒன்றுதான் அந்தத் தேதியில் காலியாக இருந்ததாம்.

உள்ளூர் ஏற்பாடு எங்கள் கடைப் பொறுப்பு. அழைப்பிதழ் முழுவதும் நான்தான் டைப் அடித்தேன். அதனால் மாநாடே என்னுடையது என்கிற எண்ணம் எனக்கு வந்துவிட்டது.

சிங்கப்பூர்க் கம்பெனி மேனேஜர் மிஸ்டர் பிங்காம், வெள்ளைக்காரர். மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்னால் கடைக்கு வந்தவர், நான் டெலிபோனில் பேசுவதைக் கேட்டுவிட்டு நின்றார். தங்கள் புது விளையாட்டை ஊர் ஊராகப் போய் விளக்கிக் காட்ட ஒரு பெண் தேவைப்படுகிறது என்றும், மாநாட்டில் என் திறமையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். சிங்கப்பூரில் வேலை, தங்க விடுதி. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு நடந்து வந்ததாக எனக்கு நினைவில்லை. மிதந்துதான் வந்திருப்பேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். ஊரில் எல்லாருடைய புண்ணுக்கும் மருந்து கட்டியவர் என்பதால், யார் பேச்சுக்கும் சட்டென்று அசைந்து கொடுக்க மாட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அமைதியாக வெற்றிலையை மடித்தார்.

"சரி. கம்பெனி உன்னை எடுத்துக்கிட்டா சிங்கப்பூருக்குப் போ. எடுத்துக்கலேன்னா, புக்கிட் காதில் ஊர்லருந்து ஒரு வரன் வந்திருக்கு. வாத்தியார் மாப்பிள்ளை. அதப் பாப்போம். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேம்பா."

அவ்வளவு வேகமாக ஒத்துக்கொண்டதற்குக் காரணம், தோற்பது என்ற ஒன்று என் கணக்கிலேயே இல்லை என்பதுதான்.

மாநாட்டின் முதல் நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. பினாங்குக்காரர் ஒருவர் நூறு பேர் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய பாம்பும் ஏணியும் கொண்டுவந்திருந்தார். அட்டையில் அல்ல, துணியில். அதை விரித்தபோது மண்டபத்தின் பாதித் தரை மறைந்துவிட்டது. தாயக்கட்டை தலையணை அளவுக்கு இருந்தது. ஈப்போக்காரர் ஒருவர், குழாயால் ஊதி ஊதிப் பந்தை 'கோல்' வலைக்குள் தள்ளும் மேசைப் பந்தாட்டம் வைத்திருந்தார். அதை ஆடிக் காட்டிக் காட்டி மத்தியானத்துக்குள் அவருக்குத் தலைசுற்றல் வந்து, ஒரு பெஞ்சில் படுக்க வைத்துச் சோடா கொடுத்தோம். சீட்டுகள், சோழிகள், காந்தக் குதிரைகள். நான் பட்டுப் புடவையில் மேசைக்கு மேசை போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னேன்.

ஆனால் எல்லாரும் காத்திருந்தது மிஸ்டர் பிங்காமின் விளையாட்டுக்காகத்தான். அதன் பெயர் 'துறைமுகம்'. மேடையேறி அவர் பேசியது இன்றும் என் காதில் இருக்கிறது. இதுவரை விளையாட்டு என்றால் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். இனிமேல் அப்படி இல்லை. ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, முகம் தெரியாதவர்களோடு கம்பி வழியாகவே விளையாடலாம். ஒருநாள் உலகமே இப்படித்தான் விளையாடப்போகிறது என்றார்.

"ஏன்லா? இங்க விளையாட ஆள் இல்லையா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டதும் மண்டபமே சிரித்தது.

விளையாட்டு இதுதான். மலாக்கா, சிங்கப்பூர், கோலாலம்பூர், சிரம்பான் என்று நாலு துறைமுகம். (கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் ஏது கடல் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். விளையாட்டில் உண்டு என்றார்கள்.) ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் டெலிபோன் பக்கத்தில் அதே படப் பலகையோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவரிடமும் சரக்குச் சீட்டுகள் இருக்கும்: அரிசி, ஈயம், ரப்பர், ஆடு. ஒரு சீட்டு என்றால் பத்து மூட்டை அரிசி, அல்லது பத்து ஆடு. டிரங்க் கால் போட்டு மற்ற ஊர்க்காரர்களிடம் பேசி, பேரம் செய்து, ஏதாவது ஒரு சரக்கு முழுவதையும் தன் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பவர் வென்றார். விற்கிறவர் எத்தனை, எங்கே இறக்குவது என்று கேட்க வேண்டும். வாங்குகிறவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மலாக்காவுக்கு நான் ஆடினேன். மேடையில் மேசை, அதன்மேல் கறுப்பு டெலிபோன், எதிரே மண்டபம் முழுக்க ஜனம். முதல் வரிசையில் அப்பா, கோட்டுப் போட்டுக்கொண்டு.

நான் ஆட்டைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாரும் ரப்பரையும் ஈயத்தையும் தேடி ஓடுவார்கள், ஆட்டை யார் கவனிக்கப்போகிறார்கள் என்பது என் ராஜதந்திரம். அது பலித்தது. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் ஆடுகளைத் தொல்லை விட்டது என்கிற மாதிரி தள்ளிவிட்டார்கள். பாக்கி நாலே நாலு சீட்டு. அது சிரம்பானிடம் இருந்தது.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். டெலிபோனை எடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் நம்பர் கேட்டாள். மண்டபமே கேட்கிறதே என்று, ரேடியோ அம்மாளின் உச்சரிப்பில் நம்பரைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டாள். சாதாரணமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். நான் இன்னும் கொஞ்சம் அழகாகச் சொன்னேன். 'ஃபைவ்' என்பதை நான் உருட்டிய உருட்டலில் அது 'நைன்' ஆகிவிட்டிருக்கிறது. பாவம், அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஹலோ! யாரு?"

தமிழ்! இங்கிலீஷில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களெல்லாம் வீணாகப் போனதில் எனக்குச் சின்ன வருத்தம்.

"சிரம்பானா?"

"ஆமா, சிரம்பான்தான்."

"நான் மலாக்காவுலருந்து பேசறேன்."

"மலாக்காவா! சாயந்தரம் கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்கம்மா. மத்தியானத்துலருந்து டெலிபோன விட்டு நகராம உக்காந்திருக்கேன். ஆடு விஷயந்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் ராஜதந்திரம் சிரம்பான் வரைக்கும் தெரிந்துவிட்டதா! எதிராளி கெட்டிக்காரன், விடக்கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆடு விஷயந்தான். உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

"நாப்பது நிக்குதும்மா."

நாற்பது! நாலு சீட்டு! கணக்கு இம்மி பிசகாமல் பொருந்தியது. உலகத்தில் எத்தனையோ எண்கள் இருக்க, அந்த மனிதரிடம் அன்றைக்கு நாற்பது ஆடு நின்றதற்கு நான் என்ன செய்வேன்?

"அத்தனையும் நான் எடுத்துக்கிறேன்."

மறுமுனையில் மூச்சு நின்று திரும்ப வந்தது.

"எல்லாமேவா?"

"எல்லாமே! ஒண்ணு கூட அங்க நிக்கக் கூடாது."

"மாஷா அல்லா! எல்லாம் நல்ல கெடாம்மா. கொம்பு ஒடையாதது, காது கிழியாதது. ஒரு குறை சொல்ல முடியாது."

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மிஸ்டர் பிங்காமிடம் சொன்னேன், "சார், சிரம்பான்காரருக்கு என்ன கற்பனை வளம்!" அவர் மகிழ்ந்து போய்த் தலையாட்டினார். விளையாட்டில் இவ்வளவு உயிரை அவரே எதிர்பார்க்கவில்லையாம்.

நானும் விட்டுக்கொடுக்காமல், "கொம்பு ரொம்ப முக்கியம்" என்றேன்.

"வெல?"

"வெலயெல்லாம் நேர்ல பேசிக்கலாம். உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன்."

"அது போதும்மா. எங்க இறக்கணும்?"

பாருங்கள், விதிப்படி கேட்கிறார். நானும் விதிப்படி தெளிவாகச் சொன்னேன்.

"மலாக்கா, காஜா பேராங், சங்க மண்டபம்."

"மண்டபத்துலயா?"

"மண்டபத்துலதான். நாளைக்குக் காலைல பெரிய மனுஷங்கல்லாம் வராங்க. அவங்க கண்ணு முன்னாடி இறங்கணும்."

"சுபுஹுத் தொழுகை முடிஞ்சதும் லாரிய எடுத்துடறேம்மா."

அட்டைச் சீட்டு நாலைக் கொண்டுவர விடியற்காலைத் தொழுகை முடித்து லாரி எதற்கு என்று அந்தக் கணம் யாருக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நான் ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கையையும் விரித்து, "மலாக்கா வென்றது!" என்று இங்கிலீஷில் அறிவித்தேன். மண்டபம் கைதட்டியது. முதலாளி விசில் அடித்தார். அப்பா கைதட்டவில்லை, ஆனால் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் "என் மகள்தான்" என்று சொன்னதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை பரிசளிப்பு. அம்மாவும் வந்திருந்தாள். மிஸ்டர் பிங்காம் மேடையில் என்னைக் கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

"மிஸ் பாக்கியம், ஒரு சின்னக் குழப்பம். சிரம்பான் நண்பர் இப்போதுதான் பேசினார். நேற்று சாயங்காலம் முழுவதும் காத்திருந்தாராம். தனக்கு மலாக்காவிலிருந்து டெலிபோனே வரவில்லை என்கிறார்."

கடவுள் எனக்குக் கடைசியாக ஒரு கதவைத் திறந்துவிட்டார். நான் அதை ஓங்கிச் சாத்தினேன்.

"தோற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், சார்."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் நிறுத்தவில்லை. விளையாட்டில் வெற்றி தோல்வி சகஜம் என்றும், தோல்வியைக் கண்ணியமாக ஏற்றுக்கொள்வதுதான் சுதந்திர நாட்டுக் குடிமக்களுக்கு அழகு என்றும், சிரம்பான் அன்பர் இதைப் புரிந்துகொள்வார் என்றும் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். (அந்த அன்பர், டெலிபோன் பக்கத்தில் பட்டினியாக உட்கார்ந்திருந்த ஓர் அப்பாவி ரயில்வே கிளார்க் என்று பிற்பாடு தெரிந்தது.)

'கண்ணியம்' என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் வெளியே ஒரு லாரி வந்து நின்றது. பிறகு, "மே" என்று ஒரு சத்தம். சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. அப்புறம் இடைவெளியே இல்லை.

வாசல் பக்கம் நின்ற முதலாளி எட்டிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "பாக்கியம்," என்றார், குரல் ரொம்பச் சன்னமாக, "பன்யாக் காம்பிங்." ஆடு ஏகப்பட்டது என்று அர்த்தம்.

என் சொற்பொழிவு அதோடு முடிந்தது. லாரியின் பின்கதவை மண்டப வாசலை ஒட்டித் திறந்துவிட்டிருக்கிறார்கள். பெரிய மனிதர்கள் கண்ணெதிரே இறங்க வேண்டும் என்று நான்தானே சொன்னேன்? இறங்கின.

ஆடு அட்டை தின்னும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வேகத்தில் தின்னும் என்பது தெரியாது. மிஸ்டர் பிங்காமின் மேசையில் 'துறைமுகம்' விளையாட்டின் ஒரே முழு மாதிரி இருந்தது. அச்சுக்குப் போகவேண்டிய மாதிரி. முதலில் வந்த கெடா, பெரிய தாடி வைத்தது, நேராக அதனிடம் போனது. சிங்கப்பூரை ஒரு கடி. கோலாலம்பூர் முழுசாகப் போனது. பக்கத்தில் ஒன்று ரப்பர்ச் சீட்டுகளை முடித்துவிட்டு அரிசிக்கு நகர்ந்தது. இன்னொன்று ஆட்டுப் படம் போட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாக மென்றது. நேற்று அத்தனை பாடுபட்டு நான் சேர்த்த ஆடுகள்! ஆட்டை ஆடு தின்பதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

பினாங்குக்காரர் தன் துணியின் மேல் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். அது வீண். ஆடுகள் பாம்பின் மேல் ஏறின, ஏணியின் மேல் இறங்கின, போகிற வழியெல்லாம் கறுப்புக் காய்களாக வைத்துக்கொண்டே போயின. நூறு பேருக்கும் போதுமான காய்கள். ஈப்போக்காரர் தன் பந்தாட்டக் குழாய்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே குதித்தார். நேற்றுத் தலைசுற்றிப் படுத்தவரா இவர் என்று இருந்தது.

அப்பா மேசை மேல் நின்றார். எப்போது ஏறினார் என்று தெரியாது. கோட்டோடு, கையில் குடையோடு, சிலை மாதிரி நின்றார். ஒரு குட்டைக் கெடா கோட்டின் நுனியை ருசி பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. இந்தச் சம்பவம் தன்னைப் பெற்றவர்கள் காலத்தில் நடந்தது மாதிரி, எங்கேயோ தூரத்தில் பார்வை.

இந்தக் களேபரத்துக்கு நடுவே, தொப்பியும் கை மடித்துவிட்ட சட்டையுமாக ஓர் ஒல்லியான மனிதர் உள்ளே வந்தார். சந்தோஷமாக இருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் சிரம்பான் ஹமீது. நேத்து பேசின அம்மா யாருங்க? குரல் ரேடியோ மாதிரியே இருந்துச்சு."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. ஒன்றிரண்டு ஆடுகளும் திரும்பின.

நான் மேடையில் இருந்தேன். இறங்க வழி இல்லை, படிகளில் ஆடு. அம்மா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு அடியில் வந்து நின்று, நிதானமாகக் கேட்டாள்:

"பாசார்ல அரைக் காத்தி மீன் வாங்கிட்டு வான்னா, பேரம் பேசத் தெரியாதும்மான்னு சொல்ற. நாப்பது ஆடு எப்படிடீ வாங்கின?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டுப் புடவை முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ரிசீவரை எடுத்தது, நம்பரை உருட்டியது, கொம்பு முக்கியம் என்றது, தோற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றது எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அழுதேன்.

ஹமீது பாய்க்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகமும் வாடிவிட்டது. ஹாஜிப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குர்பானிக்கு ஆடு வேண்டும், டெலிபோனில் கூப்பிடுகிறோம் என்று மலாக்காவிலிருந்து யாரோ ஒரு ஹாஜியார் சொல்லியிருக்கிறார். அந்த அழைப்புதான் வந்தது என்று இவர் நினைத்துவிட்டார். "பொம்பளப் புள்ள பேசுதேன்னு பாத்தேன். ஹாஜியார் வீட்டுப் புள்ள, படிச்ச புள்ளன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். படிச்ச புள்ள என்றதும் எனக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது.

என்னைக் காப்பாற்றியது முதலாளி. "ஹாஜியார்" என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடிபட்டது. எந்த ஹாஜி, எந்தப் பள்ளிவாசல் என்று மலாயில் விசாரித்தார். விசாரித்து முடிப்பதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார். கொஞ்ச நேரத்தில், பின்னால் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவரை உட்கார வைத்து மிதித்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்த ஹாஜியார் நேற்று சாயங்காலம் எத்தனையோ தடவை சிரம்பானுக்குக் கால் போட்டாராம். லைன் கிடைக்கவே இல்லையாம். (சாயங்காலம் முழுக்க டிரங்க் லைனை எங்கள் விளையாட்டே பிடித்து வைத்திருந்தது என்று நான் வாய் திறக்கவில்லை.)

ஹாஜியார் மண்டபத்தில் நடந்து ஆடுகளின் கொம்பு, காது, பல் எல்லாம் பார்த்தார். தாடிக்காரக் கெடாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். நன்றாகத் தீனி போட்டு வளர்த்த ஆடு என்று ஹமீது பாயை மெச்சினார். மிஸ்டர் பிங்காமுக்கு மலாய் நன்றாகவே தெரியும். அவர் கையில் மிஞ்சியிருந்த ஈயச் சீட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தனை ஆட்டையும் ஹாஜியாரே எடுத்துக்கொண்டார். காஜா பேராங் சாலையில் அவை வரிசையாக நடந்து போனதை ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

மிஸ்டர் பிங்காம் கடைசியில் என்னிடம் வந்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"மிஸ் பாக்கியம், உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டை உங்களைவிட நன்றாக யாரும் ஆட முடியாது. சரக்கையே வரவழைத்துவிட்டீர்கள்." கையிலிருந்த ஈயச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஆனால் நீங்கள் சிங்கப்பூருக்கு வர வேண்டாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா முன்னால் வேகமாகப் போய்விட்டாள். நானும் அப்பாவும் பின்னால். அவருடைய கோட்டில் ஒரு பக்கப் பை இல்லை. நான் தலையைத் தூக்கவே இல்லை. சாலையோரம் நின்றவர்களில் யாரோ "மே" என்றார்கள். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார்கள். வீடு நெருங்கும்போது அவர் நின்றார். திட்டப் போகிறார் என்று நானும் நின்றேன்.

"ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு. அந்தாளு உன்னை முன்ன பின்ன பாத்தது கெடையாது. டெலிபோன்ல ரெண்டு நிமிஷம் பேசியிருப்பே. வெல கூடச் சொல்லாம நாப்பது ஆட்ட லாரில ஏத்திக்கிட்டு வந்துட்டான். அப்படி என்னத்தம்மா பேசினே?"

"நான் சும்மா விதிப்படிதாம்பா பேசினேன்."

"எங்க வார்டுல ஒரு ஜன்னல் ஒடைஞ்சு கெடக்கு. மாத்துங்க மாத்துங்கன்னு எத்தனை வருஷமா நானும் பேசறேன், ஒருத்தன் அசைய மாட்டேங்கிறான்." பெருமூச்சு விட்டார். "உன்னைக் கூட்டிட்டுப் போய்ப் பேசச் சொல்லியிருக்கணும்."

சொல்லிவிட்டு, மனுஷர் சிரிக்க ஆரம்பித்தார். நடுச்சாலையில், குடையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரைக்கும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வயிற்றில் பால் வார்த்த மாதிரியும் இருந்தது. நானும் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். சிங்கப்பூர் போய்விட்டதே.

'துறைமுகம்' இரண்டு வருஷம் கழித்து எங்கள் கடைக்கே விற்பனைக்கு வந்தது. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டாக. டெலிபோன் இல்லை. ஆட்டுச் சீட்டும் இல்லை. அந்த இடத்தில் உப்பு. உப்புக்கு வாய் இல்லை, கால் இல்லை.

புக்கிட் காதில் வாத்தியார் பெண் பார்க்க வந்தார். வீட்டில் எல்லாரும் ஆட்டுக் கதையை மறைத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அவர் காபியை வாங்கிக்கொண்டு முதல் வார்த்தையாக, "அந்த மாநாட்டுக்கு நானும் வந்திருந்தேன். ரெண்டு நாளும்" என்றார். கல்யாணம் நடந்தது. பொண்ணு பார்த்துப் பிடித்ததா, ஆடு பார்த்துப் பிடித்ததா என்று கேட்டால் இன்று வரை சரியாகப் பதில் சொல்வதில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் கறி விருந்து. ஆட்டுக்குச் சொல்ல வேண்டும். அப்பா டெலிபோனை என்னிடம் நீட்டினார். "நீயே பேசு. உனக்குப் பழக்கமான எடந்தானே." முதலாளியின் கடையில் நின்று, வீட்டார் எல்லாரும் சுற்றி நிற்க, சிரம்பானுக்குக் கால் போட்டேன். நம்பரைச் சாதாரணமாக, தமிழச்சி மாதிரி சொன்னேன். ஹமீது பாய் எடுத்தார். மலாக்கா பாக்கியம் பேசறேன், ஆடு வேணும் என்றேன்.

"எல்லாமேவாம்மா?" என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அது நிலைத்துவிட்டது. நான் துணிக்கடையில் புடவை பார்த்தால் "எல்லாமேவா?" கைமாற்றுக்கு முருங்கைக்காய் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினால் "எல்லாமேவா?" மகள் தன் கல்யாணத்தில் மாலை மாற்றிய பிறகு, என் கணவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் தனியாகப் போய், பெண்ணின் அம்மா டெலிபோன் செய்தால் மட்டும் இரண்டு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

போன மாதம், குருபோங்கில் தொழிற்சாலை வேலையாக இருக்கும் இளைய மகன் லீவில் வந்திருந்தான். கம்ப்யூட்டர் முன்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, யாரோடோ பேசிப் பேசி விளையாடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். திரையில் கோட்டை, கப்பல், சண்டை.

"யாருடா அது?"

"தெரியாதும்மா. ஏதோ வெளிநாட்டுக்காரன். எங்கிட்ட இருக்கிற படகுக்குப் பதிலா, அவன்கிட்ட இருக்கிற மாட்டையெல்லாம் எடுத்துக்கிறியான்னு கேக்கறான்."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், பின்கட்டிலிருந்து என் கணவர் ஓடிவரும் சத்தம் கேட்டது. எழுபதை நெருங்குகிற மனுஷர், முழங்கால் வலிக்காரர், அந்த வேகத்தில் ஓடி வந்து மகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், நம்ம வீட்டு அட்ரஸ் மட்டும் குடுத்துடாதடா!"